கப்பல் கவிழாத படம்

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஆலங்குடியில் நல்ல பனி. எதிரே நின்ற பஸ்ஸின் விளக்குகள் இரண்டும் தெரிந்தன, பஸ் தெரியவில்லை. காற்று இல்லை. மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தும் எனக்கு இருமல் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் இலங்கையில், அட்டன் மலைக் குளிரில், தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது வராத இருமல் சொந்த ஊருக்கு வந்த மூன்றாவது வாரத்தில் வந்துவிட்டது.

நான் கிளம்பியது ஒரு சினிமாப் படத்தைத் தேடி. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அறுபத்தாறு வயதுவரை நான் பார்த்த படங்கள் மூன்று, அதில் ஒன்று பாதி. ஈசனுடைய வேஷத்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் சம்பளம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. தோட்டத்துக் கோயிலில் சிவராத்திரிக்கு விடிய விடியப் பதிகம் படிப்பவன் நான். அந்தப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு ஆட்கள் லாரி பிடித்துப் போகும்போது அவர்களுக்கு முன்பணம் எழுதிக் கொடுத்ததோடு என் சினிமா முடிந்தது.

காரணம் என் மனைவி. காமாட்சி தை மாதம் பிறந்த மூன்றாம் நாள் காலமானாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் ஆலங்குடி வீட்டில் தன் தங்கை தையல்நாயகியோடு இருந்தாள். நான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவேன். உடம்பு மோசம் என்று தந்தி வந்ததும் கிளம்பினேன். கொழும்பில் ஒரு காகிதத்தில் ஒரு முத்திரை விழ ஒன்பது நாள் ஆயிற்று. நான் வந்து சேர்ந்தபோது அவள் போய்ப் பன்னிரண்டு நாள்.

தையல்நாயகி சொன்னாள்: "கடைசி ரெண்டு நாளும் தெளிவாத்தான் பேசுனா அத்தான். காலையில கண்ணத் தொறந்து, 'அவுக வந்துட்டாகடி, நல்லா சாப்புட்டாக'ன்னா."

"யாரை?"

"வேற யார அப்புடிச் சொல்லப் போறா?"

நான் அப்போது கொழும்பில் ஒரு அலுவலக வராந்தாவில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் வந்து சாப்பிட்டது யார்?

தையல்நாயகி அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். ஊர்க் கோடியில் போட்டிருந்த கூடார சினிமாவில் ஒரு பக்திப் படம் எட்டு வாரம் ஓடியதாம். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே காமாட்சி அங்கே போய்விடுவாளாம். எட்டு வெள்ளியும் ஒரே படம். "கடல் கடந்து போன புருசன் மாதிரி சாமி வந்து அந்தப் பொண்ணுகிட்டச் சோறு வாங்கித் திங்குமாம். பாத்துப்பாத்து மனசுல தங்கிருச்சுபோல. நான் அங்கிட்டெல்லாம் போறதில்ல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிசகிவிட்டது. சாகும்போது ஒரு கூத்தாடியின் முகத்தைப் பார்த்து நான் வந்துவிட்டதாக அவள் ஏமாந்து போனாளா? அல்லது உண்மையிலேயே இறைவன்தான் வந்தான் என்று நினைத்தாளா? முன்னது என்றால் என்னால் தாங்க முடியாது. கோயிலில் போய் நின்று கேட்கலாமென்றால், துக்கம் உள்ளவன் ஒரு வருஷம் கொடிமரம் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கூடார சினிமாவுக்குக் கொடிமரம் கிடையாது. ஆகவே அவள் பார்த்ததை நானும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆலங்குடியில் கூடாரம் பிரித்தாகிவிட்டது. குழிகள் மட்டும் இருந்தன, முப்பத்திரண்டு. அந்த முதலாளிக்கு மூன்று ஊரில் கூடாரம் உண்டு என்றும், படப்பெட்டி இப்போது கந்தர்வக்கோட்டையில் இருக்கிறது என்றும் பக்கத்துக் கடலை வறுப்பவர் சொன்னார்.

புதுக்கோட்டையில் பஸ் மாறினேன். கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு அம்மாள் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து, "ஆத்தா, கூடையில எத்தன கோழி?" என்றார்.

"எண்ணிக்கிட்டா ஏத்துனேன்? மூணு நாலு இருக்கும்."

"ஏழு," என்றேன் நான். என்னை அறியாமல் வந்துவிட்டது. தலைகளை எண்ணி முடித்து வெகு நேரமாகியிருந்தது.

கண்டக்டர் ஏழுக்கும் சேர்த்து லக்கேஜ் போட்டார். அந்த அம்மாள் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "அய்யா நல்லா இருக்கணும். எமனுக்குக் கணக்கு எழுத ஆள் தேடுறாகளாம்," என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

பாதி வழியில் இன்ஜின் கொதித்து நின்றது. கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் இறங்கிப் போனார். சாலையின் இரண்டு பக்கமும் முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனை எனக்கு மறந்தே போயிருந்தது. தேயிலைக்கு இப்படி ஒரு வாசனை செடியில் இருக்காது, வாட்டி உருட்டி வறுத்தால்தான் வரும். கல்யாணமான புதிதில் காமாட்சி இந்தப் பூவை இரண்டு விரலால் நசுக்கி என் மூக்கருகில் நீட்டினாள். அப்போது தும்மல் வந்ததே தவிர வேறெதுவும் தோன்றவில்லை. பஸ் கிளம்ப ஐம்பது நிமிடம் ஆயிற்று. கோழிக்காரம்மாள் கோபம் ஆறி எனக்குக் கொஞ்சம் வறுத்த கடலை கொடுத்தார். பல் இல்லாத பக்கம் ஒதுக்கி மெதுவாகத் தின்றேன்.

கந்தர்வக்கோட்டைக் காப்பிக் கிளப்பில் நான்கு இட்லி, நிலக்கடலைச் சட்னி. சட்னி நன்றாக இருந்தது, வயிற்றுக்கு ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கூடாரத்துக்குப் போய்விட்டேன். மேலே கீற்று, கீழே மணல். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் சுவர். நான் பெஞ்சு டிக்கெட் வாங்கினேன். மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும்.

ஒரே ஒரு மெஷின் என்பதால் ரீலுக்கு ரீல் நிறுத்தி மாட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் எல்லாம் சுண்டல் விற்றுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் பாக்கியம். மெஷின் ஓட்டுகிறவரின் மனைவி என்று அவளே சொன்னாள். படப்பெட்டி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குப் புருஷனோடு சுண்டல் அண்டாவும் போகும்.

கதை இவ்வளவுதான். ஒரு வியாபாரி கப்பல் ஏறிப் போகிறான். மனைவி வாசலில் கோலம் போட்டுப் போட்டுக் காத்திருக்கிறாள். நடுக்கடலில் கப்பல் கவிழ்கிறது. அதே நேரத்தில் அவள் ஊர்க் கோயிலில் இருக்கும் ஈசன் எழுந்து, நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வியாபாரியின் உருவம் எடுத்து, புழுதிக் காலோடு அவள் வாசலில் வந்து நிற்கிறான். பசிக்கிறது என்கிறான். அவள் இலை போடுகிறாள். அவன் சாப்பிட்டுவிட்டு, அவசர வேலை என்று போய்விடுகிறான். கடைசி ரீலில் உண்மைப் புருஷன் பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்து வீட்டுக்கு வருகிறான். "நேற்றுத்தானே வந்து சாப்பிட்டீர்கள்?" என்கிறாள் அவள். அப்போதுதான் இருவருக்கும் விஷயம் விளங்குகிறது. கோயிலுக்கு ஓடுகிறார்கள். விளக்கு. சுபம்.

ஈசனாகவும் வியாபாரியாகவும் வந்தவர் ஒருவர்தான். அவருடைய மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. விபூதி சரியான இடத்தில் இல்லை. இதெல்லாம் முதலில் என் கண்ணை உறுத்தியது. ஆனால் வாசலில் வந்து நின்றபோது எனக்குத் தழும்பு தெரியவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பெண்கள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் சூடம் எரிந்தது. ஒரு கிழவர் திரைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். திரையில் அவர் பதினொரு கவளம் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு சின்னச் சிரிப்பு. நான் யார் என்று உனக்குத் தெரியாதே என்கிற சிரிப்பு. அருள் என்று நாற்பது வருஷமாக நான் வாயால் சொல்லிவந்ததை ஒருவர் முகத்தால் செய்துகாட்டிவிட்டார். சம்பளம் வாங்கியிருந்தால் வாங்கிவிட்டுப் போகட்டும்.

அப்படியானால் காமாட்சி கண்டது ஈசனைத்தான். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. படம் முடிந்து கூட்டம் கலைந்ததும் பாக்கியத்திடம் போய், ஆலங்குடியில் வெள்ளிக்கிழமை தோறும் வந்த காமாட்சி என்ற அம்மாளைத் தெரியுமா என்று கேட்டேன்.

"செவத்த அம்மா, ரெண்டு பக்கமும் மூக்குத்தி, தூணோரம் ஒக்காருவாக. தெரியாமயா. எறந்துட்டாகளாமே. நீங்க?"

சொன்னேன். அவள் சுண்டல் அண்டாவைக் கீழே வைத்தாள்.

"அவள் இந்தப் படத்தை எட்டுத் தடவை பார்த்தாளாம். கப்பல் கவிழ்ந்து சாமி எழுந்து வருகிற இடம்..."

"அத அவுக பாத்ததே இல்லைங்கய்யா."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கெழம அந்த ரீலு கெடயாது. பொம்பளைக கோயிலுக்குப் போயி வெளக்கப் போட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கையில கப்பல் முழுகுறதக் காட்டலாங்களா? ஆலங்குடிக்கு முந்துன ஊர்ல மொத வெள்ளி தெரியாமக் காட்டிப்புட்டு இவரு பட்ட பாடு இருக்கே! தெரையில மூணு செருப்பு வந்து விழுந்துச்சு. பாரதம் படிக்கிறவுக கதையில சாவு வந்தா அதோட நிறுத்தமாட்டாக, மேல நல்லது வார எடம் வரைக்கும் படிச்சுத்தான் மூடுவாக, அது ஒங்களுக்குத் தெரியும். ரீலு மாத்த நடுவுல நிறுத்துற படத்துக்கும் அதே மொறன்னு சொல்லிட்டாக. அதுலருந்து வெள்ளிக்கெழமன்னா கப்பலு முழுகுற ரீல எடுத்துருவாரு. கடைசியில புருசன் வந்து கப்பல் முழுகுன சேதி சொல்லுற எடத்தையும் விட்டுட்டு, கோயில் வெளக்கக் காட்டி முடிச்சிருவாரு."

"அப்போது வாசலில் வந்து சாப்பிடுவது யார்?"

"ஏன், புருசந்தான். கப்பல்ல போனாரு, வந்தாரு, சாப்புட்டாரு." அண்டாவைத் தூக்கிக்கொண்டாள். "அரைமணி நேரம் கொறச்சல். ஒருத்தரும் துட்டத் திருப்பிக் கேட்டதில்ல."

திரும்பி வரும்போது மறுபடியும் நெஞ்சு கனத்தது. அவள் பார்த்த படத்தில் ஈசனே வேஷம் போடவில்லை. ஒரு புருஷன் வந்திருக்கிறான், அவ்வளவுதான். அப்படியானால் கடைசியில் அவள் சொன்னது என்னைத்தான். அந்தக் குறைப் படத்தை நானும் பார்த்தாக வேண்டும். அடுத்த வெள்ளிக்குப் பெட்டி கோட்டைப்பட்டினத்தில் இருக்கும் என்று பாக்கியம் சொல்லியிருந்தாள்.

திங்கள் முதல் புதன் வரை ஆலங்குடியில் கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்தேன். தையல்நாயகி, "சினிமாவுக்குப் போயி காச்சல் வாங்கிட்டு வந்த ஒரே மனுசன் நீங்கதான் அத்தான்," என்றாள். வியாழக்கிழமை மறுபடி கிளம்பினேன்.

கோட்டைப்பட்டினம் போகும் பஸ் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். என் வயதைப் பார்த்து எல்லாருடைய குடைகளையும் என்னிடம் கொடுத்தார்கள். ஆறு குடை. அவற்றில் இரண்டு மாறிப் போயின என்று பிறகு என்னோடு சண்டை.

காற்றில் கருவாடும் உப்பும். கடல் இங்கே அலை அடிப்பதில்லை, ஏரி மாதிரி படுத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கம்தான் இலங்கை என்று டீக்கடை மரைக்காயர் கையை நீட்டிக் காட்டினார். எனக்குத் தெரியாதது போல நானும் பார்த்தேன். அவர் கொழும்புப் புறக்கோட்டையில் பதினேழு வருஷம் கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னால் இருந்த அறையை எனக்குக் கொடுத்தார். மீன் சாப்பிடாதவன் என்றதும் ஒரு நிமிடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு வீட்டிலிருந்து இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வந்தன. தோட்டத்து வீட்டில் என் சமையற்காரன் செய்வதைப் போலவே இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் அங்கே உட்கார்ந்து காமாட்சியின் புளிக்குழம்பை நினைத்துக்கொண்டே இடியாப்பம் தின்றேன். இங்கே வந்து இடியாப்பத்தைக் கண்டதும் அட்டன் மலைமேல் ஏக்கம் வருகிறது. இந்த மனத்தை எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். கூட்டம் பொங்கியது, அதிலும் ஆண்கள். படம் ஓடியது. கப்பல் கிளம்பியது. அடுத்த ரீலில் மின்னல் வெட்டி, பாய் கிழிந்து, கப்பல் கவிழ்ந்தது. ஈசன் எழுந்தான். முழுப் படம். ஒரு அடி குறைவில்லை.

எழுந்து பாக்கியத்தைத் தேடிப் போனேன். "இன்று வெள்ளிக்கிழமை," என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

"இந்த ஊர்ல வெள்ளிக்கெழம ஆரும் கடலுக்குப் போகமாட்டாகய்யா. தொழுகைக்கு எல்லாரும் கரையில இருப்பாக. புருசன், புள்ளைக எல்லாம் பக்கத்துல ஒக்காந்திருக்கையில கப்பல் முழுகுனா என்ன? இங்க வெள்ளி ஒரு நாத்தான் முழுப் படம். மத்த நாளெல்லாம் ஆம்பளைக தண்ணியில கெடப்பாக. அன்னைக்கு அந்த ரீலப் போட்டா கூடாரத்தையே பிரிச்சிருவாக." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்கய்யா. சுண்டல் சும்மாத் தாரேன்," என்றாள்.

அன்றிரவு மரைக்காயரிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சில சமயம் சுலபம். அந்தப் படம் முன்பு ஒருமுறை இங்கே ஓடியபோது அவர் மூன்று வெள்ளி பார்த்திருக்கிறார், கப்பலுக்காக. "காத்து அங்கிட்டு அடிக்குது, பாயி இங்கிட்டு உப்புது. அந்தக் கப்பல் முழுகாம என்ன செய்யும்?" என்றார். பிறகு, "நமக்கு உருவம் கெடயாது, அதனால தப்பாச் சொன்னா மன்னிச்சுக்கங்க. ஆண்டவனுக்குப் பசி உண்டா? பசியில்லாதவன்தான் ஆண்டவன். எலையில ஒக்காந்து சாப்புட்டவன் மனுசனாத்தான் இருக்கணும்," என்றார்.

எங்கள் இறைவன் ஓடு ஏந்தி வீடு வீடாகப் பிச்சைக்குப் போனவன், அடியார் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் என்று நான் எடுத்துச் சொன்னேன். மூன்று புராணக் கதை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அவரும் எங்க ஊரு ஆளுகதான். கரையேறுனதும் மொத வார்த்தை சோறு."

எனக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை கூடாரத்தில் பெண்களும் குழந்தைகளும் நான்கைந்து கிழவர்களும்தான். கடலோரப் பெண்கள், முக்காடு போட்டவர்கள், பூ வைத்தவர்கள், எல்லாரும் ஒரே மணலில். கப்பல் கிளம்பியது. விளக்குப் போட்டு ரீல் மாற்றினார்கள். பெட்டியில் ஒரு ரீல் அப்படியே கிடந்ததைத் திரும்பிப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. கோலம். புழுதிக் கால். அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

அதே முகம், அதே பதினொரு கவளம். ஆனால் வேறு ஆள். கந்தர்வக்கோட்டையில் அருளாகத் தெரிந்த அந்தச் சிரிப்பு இன்று களைப்பாகத் தெரிந்தது. நெடுநாள் கழித்து வீட்டுச் சோறு தின்கிறவனின் வெட்கமாகத் தெரிந்தது. அவள் விசிறும்போது அவன் கண்ணை மூடினான். முழுப் படத்தில் அதை யோகம் என்று நினைத்திருந்தேன். இன்று அது தூக்கம். கப்பல் கவிழ்ந்ததால் அவன் வரவில்லை. யாரும் அவனுக்குப் பதிலாகவும் வரவில்லை. வரவேண்டுமென்று தோன்றியது, வந்துவிட்டான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி திரையைப் பார்த்து, "அந்தக் கொழம்ப இன்னும் கொஞ்சம் ஊத்து தாயீ. எறாலப் போட்டுருக்கலாம்ல," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒன்றிரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கடல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சூடம் கூட எரியவில்லை.

அதுதான் என்னைக் கேட்க வைத்தது. படம் முடிந்ததும், "ஆலங்குடியில் வெள்ளிக்கிழமை இந்த இடத்தில் சூடம் கொளுத்துவார்களா?" என்றேன்.

"கொளுத்தாம இருப்பாகளா? ரீல விட்டாலும் கத எல்லாருக்கும் தெரியுமே. ஒங்க வீட்டம்மாதான் சண்டைக்குப் போவாக."

"என்ன சண்டை?"

பாக்கியம் அண்டாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "'சாப்புடுற மனுசன் மூஞ்சியில சூடத்தக் காட்டாதீகடி, பொக கண்ணுல ஏறும், ரெண்டு வாயி நிம்மதியாத் திங்க விடுங்க'ன்னு. நான்கூட ஒருநா கேட்டேன், 'அம்மா, அது சாமிங்கிறது ஒங்களுக்குத் தெரியாதா'ன்னு."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"'ஏன் தெரியாது? பாட்டுப் புத்தகத்துலதான் கதையப் போட்டிருக்கே'ன்னாக. 'எங்க வீட்டு அய்யாவுக்கு இது கணக்கு முடிக்கிற மாசம், வரமுடியாது. அதான் சாமி வந்திருக்கு. வந்த சாமியப் பட்டினியாவா அனுப்புறது'ன்னாக. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக."

சும்மா தருவதாகச் சொன்ன சுண்டலை ஒரு தொன்னையில் என் கையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். ஆட்கள் வந்து பெஞ்சுகளை அடுக்கத் தொடங்கும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

அவள் ஏமாறவில்லை. வந்தது நான் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நான் எந்த மாதம் வரமாட்டேன் என்பதுகூடத் தெரிந்திருந்தது. என் தோட்டத்துக் கணக்கை ஆலங்குடியில் இருந்தபடியே அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படத்தில் எடுத்துவிட்ட ரீலை எட்டு வாரமும் அவள் மனத்துக்குள் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறாள். ஈசன் என்று தெரிந்தே கும்பிடாமல், பசித்தவனுக்கு விசிறிவிடுவது போல அவனுக்கும் கொஞ்சம் விசிறிவிட்டாள். பதிகம் படித்த எனக்கு அந்தத் துணிவு வந்ததில்லை.

ஞாயிறு முழுவதும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஏமாந்திருக்கக் கூடாதே என்றுதான் கிளம்பினேன். ஏமாறவில்லை என்று தெரிந்த பிறகு, ஏமாந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஏமாந்திருந்தால் கடைசி இரண்டு நாளும் நான் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். அவள் கணக்கிலாவது வந்து சேர்ந்திருப்பேன். பஸ் எங்கும் நிற்கவில்லை, எதுவும் கொதிக்கவில்லை, குடைகள் எல்லாம் அவரவர் கையில் இருந்தன. அப்படி ஒழுங்காக ஓடிய பஸ் எனக்குப் பிடிக்கவில்லை.

இருட்டும் முன் ஆலங்குடி சேர்ந்தேன். தையல்நாயகி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இலை போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் இருந்து பரிமாறினாள். பிறகு, "தெரிஞ்சுதா அத்தான்?" என்றாள்.

"தெரிந்தது. வந்தது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வந்தவனை நான் என்று அவள் தப்பாக நினைக்கவில்லை."

"அப்பறம் என்ன. நிம்மதிதான."

எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அவள் இலையை எடுத்துக்கொண்டே, இதற்காவது இந்த மனுஷனுக்குப் பதில் தெரிந்திருக்கும் என்பது போல, "மொத்தம் எம்புட்டுச் செலவாச்சு?" என்றாள்.

பதின்மூன்று ரூபாய் ஆறணா என்றேன்.